நம்மைக் காத்தது ஈரம்

சென்ற வசந்தகாலத்தில் எங்கள் ஊர் நகர மன்றத்தில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. காட்டுத்தீ அபாயமுள்ள காய்ந்த மாதங்களில் அவரவர் வீட்டு முற்றத்திலும் தெருவிலும் பட்டாசு கொளுத்துவதை அடியோடு தடை செய்யலாமா என்பதுதான் கேள்வி. நாங்கள் இருப்பது ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரை மலைகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 இங்கே எப்படிப்பட்ட நாள் என்று விளக்கத் தேவையில்லை. பேச வந்தவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்தார். கையில் எழுதி எடுத்துவந்த ஒரு தாள். நாற்பது வருடமாக ஒரே வீட்டு வாசலில் கொளுத்துகிறேன், தோட்டக் குழாயைத் திறந்து தரையை நனைத்த பிறகுதான் முதல் திரியில் நெருப்பு வைப்பேன், பக்கத்தில் வாளியில் தண்ணீர் தயாராக இருக்கும், இன்றுவரை ஒரு புல்கூடக் கருகியதில்லை என்றார். கடைசியில் தாளை மடித்துக்கொண்டு, "கவனமாக இருக்கிறவனை எதற்காகத் தண்டிக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கூடம் முழுக்கக் கைதட்டல்.

தடை வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் நான் போயிருந்தேன். வீட்டுக்குத் திரும்பும்போதும் அந்த எண்ணம் மாறவில்லை. ஆனால் அவர் கேள்வி கூடவே வந்தது. உரிமை உரிமை என்று அவர் கத்தவில்லை, யாரையும் ஏசவில்லை. பேரப்பிள்ளைகளோடு கழிக்கிற ஒரு இரவைப் பற்றித்தான் பேசினார். அப்படிப்பட்ட மனிதருக்குப் 'பொதுநலம்' என்று ஒரு சொல்லை எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. அவர் செய்வதில் எது தவறு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால்தான் அது பதில்.

முதலில் எண்களைத்தான் தேடினேன். எண்கள் வலுவாகவே இருக்கின்றன. 1992 முதல் 2012 வரை அமெரிக்காவில் பதிவான சுமார் 15 லட்சம் காட்டுத்தீக்களை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றில் 84 சதவீதம் மனிதர்களால் தொடங்கியவை என்றது. மனிதர்கள் மூட்டிய தீ எந்த நாளில் அதிகம் என்று பார்த்தால் ஜூலை 4 தனியாக உயர்ந்து நிற்கிறது. அந்த 21 ஆண்டுகளில் அந்த ஒரு தேதியில் மட்டும் 7,762 தீக்கள். தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் கணக்குப்படி 2018-ஆம் ஆண்டில் பட்டாசால் நாடு முழுவதும் ஏறத்தாழ 19,500 தீ விபத்துகள். ஆனால் இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம் சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்: "அவை கவனமில்லாதவர்கள் வைத்த தீ. நான் கேட்டது என்னைப் பற்றி."

குழாயும் வாளியும் எதுவரை

2020 செப்டம்பர் 5-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் யுகைப்பா என்ற ஊர்ப் பூங்காவில் ஒரு குடும்பம் கூடியது. பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று வண்ணப் புகை விட்டு அறிவிக்கும் சின்ன விழா. கடுமையான வெப்ப அலை அடித்துக்கொண்டிருந்த வாரம் அது. புகை விடும் கருவியிலிருந்து உயர்ந்த காய்ந்த புல்லில் தீப் பிடித்தது. அந்தக் குடும்பம் ஓடவில்லை. கையில் இருந்த தண்ணீர் பாட்டில்களால் அணைக்கப் பார்த்தார்கள், அவசர உதவிக்கும் அழைத்தார்கள். பலிக்கவில்லை. எல் டொராடோ தீ என்று பெயர் பெற்ற அந்த நெருப்பு 22,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அதை அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் திரும்பி வரவில்லை. அந்த நாளுக்காகக் காத்திருந்த தகப்பனுக்கு 2024-ல் ஓராண்டுச் சிறை.

தண்ணீர் கொண்டு போகாதவர்கள் அல்ல அவர்கள். காய்ந்த புல் பற்றிக்கொள்கிற வேகத்துக்கு முன்னால் அந்தத் தண்ணீர் ஒன்றுமில்லை, அவ்வளவுதான். மெல்லிய புல்லும் ஊசியிலைச் சருகும் காற்றின் ஈரத்தோடு சேர்ந்தே நனைந்து, சேர்ந்தே காய்பவை. தடித்த மரக்கட்டை காய வாரக்கணக்கில் ஆகும். புல்லுக்கு ஒரு மணி நேரமே போதும். காலையில் பனியில் நனைந்திருந்த புல்வெளி மாலையில் பொறிக்குக் காத்திருக்கும். குழந்தைகள் கையில் கொடுக்கிற கம்பி மத்தாப்பு சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் எரிகிறது. காய்ந்த புல் பற்ற அதில் மூன்றில் ஒரு பங்கு சூடுகூடத் தேவையில்லை.

அப்புறம், பொறி விழுகிற இடம் ஒன்று, தீ தெரிகிற நேரம் வேறு. இந்தப் பக்கத்து வீடுகளில் செடிகளைச் சுற்றி மரப்பட்டைத் தூளைக் கனமாகப் பரப்பி வைப்பது வழக்கம். அதற்குள் ஒரு கங்கு புகுந்தால் சுடரே காட்டாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டு கிடக்கும். எல்லோரும் தூங்கப் போன பிறகு காற்று மாறினால் எழும். கூரை விளிம்பில் மழைநீர் ஓடுவதற்காக வைத்த தகரக் கால்வாயில் ஒரு வருடச் சருகு சேர்ந்திருக்கும். அங்கே விழுந்த பொறியைத் தரையில் நிற்கிறவர் பார்க்கவே முடியாது. 2021 ஜூலை 4 அன்று எங்கள் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்து உயிர்கள் போயின. கொளுத்தி முடித்துக் குப்பைத் தொட்டியில் போட்ட பட்டாசு மிச்சத்திலிருந்து அது கிளம்பியதாகத் தீயணைப்புத் துறை சொன்னது. எரிந்து முடிந்ததைத் தொட்டியில் போடுவது சாதாரணமாக நல்ல பழக்கம், தெருவைச் சுத்தமாக வைக்கிறவர் செய்கிற காரியம்.

பெரியவரின் வாளி அவர் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை காக்கும். அதற்கு அப்பால் விழுந்ததைப் பற்றி அவருக்குத் தெரியாது. தனக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது. நாற்பது வருடத்தில் ஒரு பொறிகூட அவர் வேலியைத் தாண்டவில்லை என்று நான் நம்பவில்லை. பல பொறிகள் தாண்டியிருக்கும். விழுந்த இடத்தில் அவை அணைந்தன. ஏன் அணைந்தன என்பதுதான் எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது.

சாதுவான பட்டாசு

அதற்கு முன்னால் வேறொரு வாதத்தைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் இங்கே சட்டமே அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஓரிகனில் பறக்கிற, வெடிக்கிற பட்டாசுகளுக்கு ஏற்கெனவே அனுமதி இல்லை. தரையில் ஆறு அடிக்கு மேல் ஓடக்கூடாது, காற்றில் பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் எழும்பக்கூடாது. கலிஃபோர்னியாவில் மாநிலத் தீயணைப்பு அதிகாரியின் முத்திரை பெற்ற 'பாதுகாப்பான' வகைகளை மட்டும் ஜூன் 28 முதல் ஜூலை 6 வரை விற்கலாம், அதுவும் உள்ளூர் நிர்வாகம் ஒப்புக்கொண்ட இடங்களில். ராக்கெட் கூடாது, புஸ்வாணம் சரி. அணுகுண்டு கூடாது, தரைச்சக்கரம் சரி. சத்தமும் உயரமும்தான் ஆபத்து என்று சட்டம் நினைக்கிறது.

விரலும் கண்ணும் போகாமல் காக்க இந்தப் பிரிவினை உதவும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. காய்ந்த புல்லுக்கு முன்னால் இது எதற்கும் உதவாது. எல் டொராடோவில் வெடித்தது எதுவுமில்லை, புகைதான் வந்தது. இங்கே எங்கள் பக்கத்தில் 2017-ல் ஈகிள் க்ரீக் காட்டில் தீ தொடங்கியதைப் பார்த்த ஒருவர் சொன்னதும் ஒரு புகைகுண்டைப் பற்றித்தான். பட்டாசு வரிசையிலேயே குழந்தைகளுக்கென்று ஒதுக்கப்படுகிற சாதுவான சாமான்கள் இவை. ராக்கெட்டைக் கண்டால் யாரும் நாலு அடி தள்ளி நிற்பார்கள். புகைகுண்டைக் கண்டு யார் பயப்படுவார்கள்? பயம் இல்லாத இடத்தில் கவனமும் கொஞ்சம் குறைந்துதான் இருக்கும். அதனால் காய்ந்த காலத்தில் எந்த வகை ஆகும், எந்த வகை ஆகாது என்று பட்டியல் போடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. பட்டியல் நீளும் இடத்தில் ஒரு போலீஸ்காரர் என்ன செய்ய முடியும்? ஊரே வெளிச்சமாக இருக்கிற இரவில் எந்த வெளிச்சம் ஆறடி, எந்த வெளிச்சம் ஏழடி என்று அவர் அளந்துகொண்டிருக்க முடியாது. எல்லாமே தடை என்றால் கொளுத்துகிற வீடு தனியாகத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரரும் தயங்காமல் போய்ச் சொல்வார்.

ஈகிள் க்ரீக்

2017 செப்டம்பர் 2, சனிக்கிழமை. இங்கே செப்டம்பரில் வரும் தொழிலாளர் தின விடுமுறைக் கூட்டம். கொலம்பியா பள்ளத்தாக்கில் ஈகிள் க்ரீக் நடைபாதையில் நின்ற பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பட்டாசு ஒன்றைப் பற்றவைத்துப் பள்ளத்துக்குள் எறிந்தான். திரும்பும் வழியைத் தீ அடைத்துவிட்டதால், பன்ச் போல் அருவிப் பக்கம் போயிருந்த சுமார் 150 பேர் இரவு முழுவதும் காட்டுக்குள் சிக்கிக்கொண்டு, மறுநாள் வேறு வழியாக வெளியே வந்தார்கள். அடுத்த சில நாட்களில் நெருப்பு அகன்ற கொலம்பியா ஆற்றையே தாண்டி வாஷிங்டன் மாநிலக் கரையில் பற்றியது. கேஸ்கேட் லாக்ஸ் ஊரைக் காலி செய்தார்கள். 84-ஆம் நெடுஞ்சாலையை மூடினார்கள். மல்ட்னோமா அருவியடியிலிருந்த பழைய கல்கட்டடத்தைத் தீயணைப்பு வீரர்கள் இரவெல்லாம் நின்று காப்பாற்றினார்கள். போர்ட்லண்டில் கார்களின் மேல் சாம்பல் படிந்தது. மொத்தம் 48,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது.

அந்தப் பாதையின் ஒரு பகுதியை 2021 புத்தாண்டு அன்றுதான் மறுபடி திறந்தார்கள். அடுத்து வந்த மழைக்காலத்தில் நான் போனேன். எங்கு பார்த்தாலும் தண்ணீர். பாறை விளிம்பில் வடக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிற இடத்தில் மேலிருந்து சொட்டுகிறது, பாசி ஊறிக் கிடக்கிறது, கீழே ஆறு இரைச்சலோடு ஓடுகிறது. அதற்கு நடுவே கரிய மரங்கள், வரிசை வரிசையாக. கையில் தீப்பெட்டி இருந்தாலும் அன்றைக்கு அந்தக் காட்டில் ஒரு இலையைக்கூட யாராலும் கொளுத்தியிருக்க முடியாது. இவ்வளவு ஈரமான இடம் எப்படி எரிந்தது என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கூட்டத்தில் கேட்கப்போகும் கேள்விக்கான பதிலின் முனை எனக்குக் கிடைத்தது என்று இப்போது நினைக்கிறேன். அன்று அது இப்படித் தெளிவாகத் தோன்றவில்லை. தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் எறிந்தால் தண்ணீரில்தான் விழும் என்று ஒரு பையன் நினைத்திருக்கலாம், அந்த இடம் அப்படி நினைக்கவைக்கிற இடம்தான் என்று மட்டும் தோன்றியது. பிப்ரவரியில் அதே பையன் அதே பட்டாசை எறிந்திருந்தால் அவனை இரண்டு பேர் திட்டியிருப்பார்கள். அதோடு முடிந்திருக்கும்.

பையன் அதே, பட்டாசு அதே, கவனக்குறைவும் அதே. மாறியது ஈரம் ஒன்றுதான்.

பெரியவரின் நாற்பது வருடங்களையும் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். இந்தப் பக்கத்தில் பழைய ஆட்களிடம் கேட்டால் 'கோடை ஜூலை 5-ஆம் தேதிதான் தொடங்கும்' என்பார்கள். ஜூன் முழுக்கத் தூறலும் மேகமுமாக இருக்கும், சுதந்திர தினத்தன்றுகூடக் கம்பளிச் சட்டை வேண்டியிருக்கும் என்று அலுத்துக்கொள்வார்கள். அந்த அலுப்புக்குரிய மழைதான் அவர் வாசலைச் சுற்றியிருந்த புல்லையும், பட்டைத் தூளையும், பக்கத்து வீட்டுக் கூரைச் சருகையும் நனைத்து வைத்திருந்தது. வேலி தாண்டிய பொறிகள் அந்த ஈரத்தில் விழுந்து அணைந்தன. வாளி அவருக்கு நிம்மதி தந்தது. காவல் காத்தது மழை. 2021 ஜூன் 28 அன்று போர்ட்லண்டில் வெப்பம் 46.7 டிகிரியைத் தொட்டது. அந்த வெப்ப அலைக்கு முன்புவரை அந்த நகரம் கண்ட அதிகபட்சம் 41.7. ஜூலை 4-க்கு ஆறு நாள் முன்பு. அந்த வாரம் எங்கள் தெருவில் புல் காலடியில் நொறுங்கியது. அவர் எப்போதும்போல அதே அக்கறையோடுதான் குழாயைத் திறந்திருப்பார். அவரிடம் எதுவும் மாறவில்லை, அவரைச் சுற்றியிருந்ததெல்லாம் மாறிவிட்டது.

இந்த நாட்டுப் பழக்கத்தின் பிறப்பிடத்தையும் பார்க்க வேண்டும். சுதந்திர தினத்துக்கு வாணவேடிக்கை விட்டது 1777-ல் ஃபிலடெல்பியாவில், அட்லாண்டிக் கரைப் பக்கத்தில். அங்கே ஜூலை என்றால் புழுக்கம், இடிமழை, பச்சைப் புல். பழக்கம் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே வந்தது. கோடை மழை கூட வரவில்லை. பசிபிக் கரைப் பகுதிகளில் பெய்வதெல்லாம் குளிர்காலத்தில்தான், கோடை காய்ந்தே போகும். மழைக்கால ஊரின் கொண்டாட்டத்தை மழையில்லாத மாதத்தில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம்மவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இருக்கும் நண்பர் ஒருவர் ஜூலையில் வாங்கித் தீபாவளிக்குப் பத்திரப்படுத்துவார். இங்கே பலர் செய்வதுதான், அக்டோபரில் கடை ஏது? "ஓலைக்கூரைத் தெருவுலயே கொளுத்தி வளர்ந்தவங்கதானே அண்ணா நாம, இங்க சிமெண்ட் தரையில என்ன ஆகப்போகுது?" என்று கேட்டார். "ஐப்பசி அடைமழையில கொளுத்தினோம்ப்பா. பட்டாசைக் காயவைக்கிறதுதானே அப்ப பெரிய வேலை?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது சரிதான் அண்ணா" என்றார். நம் ஊரிலும் குடிசைகள் பற்றியதுண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தீ மலைமேல் ஏறி நூறு மைல் போகவில்லை. கலிஃபோர்னியாவில் தீபாவளி வருவது ஆறு மாதம் மழை காணாத பூமியில், மலையிலிருந்து வறண்ட காற்று இறங்குகிற பருவத்தில். 2018-ல் தீபாவளி நவம்பர் 6. மின்கம்பியில் பிறந்த கேம்ப் தீ பாரடைஸ் என்ற ஊரைத் தின்று 85 பேரைக் கொன்றது நவம்பர் 8-ல் தொடங்கி. அந்தத் தீக்கும் பட்டாசுக்கும் தொடர்பில்லை. அந்த வாரத்தில் அந்த மண் எப்படிக் காய்ந்து கிடந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு நீட்டும் பில்

ஈகிள் க்ரீக் பையனுக்கு 2018-ல் ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 1,920 மணி நேரச் சமூகசேவையும் விதித்தார்கள். அதன் பின் நஷ்டஈடு: மூன்று கோடியே அறுபத்தாறு லட்சம் டாலருக்கு மேல். பதினைந்து வயதில் செய்ததற்கு. அவனால் முழுக்கக் கட்ட முடியாது என்று நீதிபதிக்கும் தெரியும். தவறாமல் தவணை கட்டி, வேறு குற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால் பத்தாண்டுக்குப் பின் நிறுத்திக்கொள்ள வழி வைத்துத்தான் தீர்ப்பளித்தார். அந்தத் தொகையைப் படித்தவர்களில் பலர் 'நன்றாக வேண்டும்' என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எரிந்த காட்டை எந்தத் தவணையும் திருப்பித் தராது. ஒரு பிள்ளையின் இளமையை அதன் மேல் கடனாக எழுதி வைப்பது நியாயம் செய்ததாகவும் ஆகாது.

கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. தடை என்பது கவனமானவருக்குத் தண்டனை என்று அந்தப் பெரியவர் நினைக்கிறார். தண்டனை என்றால் என்ன என்று யுகைப்பா தகப்பனைக் கேட்க வேண்டும், அந்தப் பையனைக் கேட்க வேண்டும். காய்ந்த காலத்தில் பட்டாசைக் கடையில் வைத்து விற்க அனுமதித்துவிட்டு, தீப் பிடித்த பிறகு கொளுத்தியவரை மட்டும் தேடிப் பிடிக்கும் ஏற்பாடுதான் இப்போது நடப்பது. எழுபது வயதில், ஒரு பொறிக்காக, பக்கத்துத் தெருவே எரிந்த பழியோடு இவர் மிச்ச நாளைக் கழிக்க வேண்டாம் என்பதற்காகவும்தான் நான் தடை கேட்கிறேன். பேரப்பிள்ளைகள் தாத்தாவை எதற்காக நினைவு வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வியும் இதில் இருக்கிறது.

'ஈகிள் க்ரீக்கில் ஏற்கெனவே தடை இருந்ததே, என்ன பயன்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேசிய வனங்களில் பட்டாசுக்கு எப்போதும் அனுமதி கிடையாது. ஆனால் நடுக்காட்டில், காவலர் இல்லாத இடத்தில், ஒரு சிறுவன் கையில் பட்டாசு ஏறிவிட்ட பிறகு எந்தச் சட்டத்துக்கும் வலு இல்லை. சட்டத்துக்கு வலு இருக்கும் இடம் கடை. இந்தப் பகுதியில் விற்பனைக் காலம் ஜூலை முதல் வாரத்தோடு முடிந்துவிடுகிறது, அந்தத் தீ தொடங்கியது செப்டம்பரில். கோடைத் தொடக்கத்தில் விற்றது கொட்டகையில் கிடந்து, காடு மிகவும் காய்ந்திருக்கும் மாதத்தில் வெளியே வருகிறது. கொளுத்துவதை மட்டும் தடுத்து, விற்பதை விட்டுவைத்தால் பாதி வேலைதான் நடக்கும். 2021-ல் ஓரிகனில் ஜூன் 23 அன்று விற்பனை தொடங்கியது. அந்த மாதக் கடைசியில் போர்ட்லண்ட் தீயணைப்புத் துறை கொளுத்தக்கூடாது என்று அறிவித்தது. வாங்கி வைத்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அடுத்த ஆண்டு அந்த நகரம் விற்பனையையும் சேர்த்து நிரந்தரமாகத் தடுத்தது. யூட்டாவில் அதே 2021 வறட்சியில், மாநிலம் முழுவதற்கும் பட்டாசைத் தடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று ஆளுநரே சொல்லவேண்டி வந்தது. ஊர் ஊராக நகர மன்றங்கள்தான் அவசரமாகக் கூடி முடிவெடுத்தன.

இந்தக் கடைசி நேர அவசரம் தேவையில்லை. ஓரிகன் வனத்துறை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தீக்காலம் தொடங்கிவிட்டது என்று முறைப்படி அறிவிக்கிறது. மண்ணையும் புல்லையும் பார்த்து அறிவிக்கிற தேதி அது, நாட்காட்டியைப் பார்த்து அல்ல. அந்த அறிவிப்பு வந்த அன்றே விற்பனையும் கொளுத்துவதும் தானாக நின்றுவிட வேண்டும், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் காசு தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிடலாம். ஈரமான ஜூன் வாய்த்த வருடத்தில் பெரியவர் தாராளமாகக் கொளுத்தட்டும்.

இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன்

அன்று பேசியவர்களில் ஒரு தாயும் இருந்தார். பள்ளி இசைக்குழுவின் பெற்றோர் சங்கம் வருடாவருடம் பட்டாசுக் கடை போட்டுத்தான் பிள்ளைகளுக்குச் சீருடையும் வாத்தியமும் வாங்குகிறது. தடை வந்தால் அந்தப் பணத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். மன்றத்தில் யாரும் பதில் சொல்லவில்லை, அது எனக்கு வருத்தமாக இருந்தது. தடைக்கு ஓட்டுப் போடுகிற கை அந்தச் செலவுக்கும் ஓட்டுப் போட வேண்டும். ஊர் பத்திரமாக இருப்பதற்கான விலையை இசைக்குழுப் பிள்ளைகள் மட்டும் கொடுக்கக்கூடாது. தடைக்காகப் பேசுகிற எங்களைப் போன்றவர்கள் இதை முதல் வரியாகச் சொல்லாததால்தான் பாதிப்பேர் எங்களைக் கேட்கவே மறுக்கிறார்கள்.

பொதுவாணவேடிக்கை இருக்கிறதே, அது போதாதா என்பதும் சரியான பதில் இல்லை. பயிற்சி பெற்றவர்கள், நீர்நிலையின் மேல், தீயணைப்பு வண்டி நிற்க நடத்துவது வேறு ஆபத்து வகை, ஒப்புக்கொள்கிறேன். 2019 டிசம்பரில் ஆஸ்திரேலியா எரிந்துகொண்டிருந்தபோது கான்பெரா தன் புத்தாண்டு வாணவேடிக்கையை ரத்து செய்தது, சிட்னி சிறப்பு அனுமதி பெற்றுத் துறைமுக நீரின் மேல் நடத்தியது. ஆனால் தண்ணீர் இருந்தால் போதும் என்பதும் இல்லை. 2024 ஜூனில் கிரீஸின் ஹைட்ரா தீவில் ஒரு சொகுசுப் படகிலிருந்து விட்ட வாணங்களால்தான் கரையிலிருந்த பைன் காடு எரிந்ததாகத் தீயணைப்புத் துறை சொன்னது. சால்ட் லேக் சிட்டி, போல்டர் நகரங்கள் 2023-ல் வாணத்துக்குப் பதிலாக ஒளிவிடும் ட்ரோன்களைப் பறக்கவிடும் காட்சிக்கு மாறின. அழகாகத்தான் இருக்கும். ஆனால் வானத்தை அண்ணாந்து பார்ப்பதும், தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு தானே திரியில் நெருப்பு வைப்பதும் ஒன்றாகாது. அந்தப் பயமும், பின்னால் ஓடி வருவதும், பற்றியதும் வரும் கூச்சலும் எந்த மைதானத்திலும் கிடைக்காது. அதைத்தான் தடை எடுத்துக்கொள்கிறது. சிறிய விஷயம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அதனால் நான் கேட்பது, கொளுத்துகிற நாளையும் மாற்றுவது. யூட்டாவில் பட்டாசுக்கு அனுமதியுள்ள நாட்களில் புத்தாண்டுக்கு முந்தைய இரவும் ஒன்று. ஓரிகனின் மேற்குப் பகுதியில் டிசம்பர் கடைசியில் கூரை, புல், சருகு எல்லாம் வாரக்கணக்கில் நனைந்து ஊறிக் கிடக்கும். இசைக்குழுவின் கடையை டிசம்பரில் போடட்டும், அதற்கு மாநிலச் சட்டத்தில் விற்பனைத் தேதிகளைத் திருத்த வேண்டும், அதைக் கேட்டு எங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன். இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஜூலை 4 அன்று இங்கே சூரியன் மறையவே ஒன்பது மணி ஆகும், இருட்டுவதற்குள் குட்டிப் பிள்ளைகள் சோபாவிலேயே தூங்கிப் போவார்கள். டிசம்பரில் ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். சாப்பாட்டுக்கு முன்பே கொளுத்தி முடித்துவிடலாம்.